கீயிங்: ஹாங்காங்கில் கிளம்பி லண்டன் வரை போன சீனப் பாய்மரக் கப்பல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனக் கப்பல் என்றதும் எல்லோருக்கும் பட்டென்று நினைவுக்கு வருவது பதினைந்தாம் நூற்றாண்டுச் சீனத் தளபதி செங் ஹவின் பெரும் கப்பற்படைதான். அதற்கு நானூறு வருடம் கழித்து ஒற்றையாய்ப் போன ஒரு சரக்குக் கப்பல் பற்றித்தான் இந்தப் பக்கம். சாகசம், கண்காட்சி வியாபாரம், சம்பள வழக்கு, ஆள்மாறாட்டம் என்று எல்லாம் கலந்த கதை. அங்கங்கே என் அபிப்பிராயமும் தலை நீட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீயிங் என்ன வகைக் கப்பல்?

மூன்று பாய்மரம் கொண்ட, தேக்கில் கட்டிய சீனச் சரக்குக் கப்பல். இந்த வகையை ‘ஜங்க்’ என்பார்கள். புஜியான் மாகாணத்து ஃபூச்சோ பக்கத்து வகை என்று குறிப்புகள் சொல்கின்றன. பயணத்துக்கென்று தனியாகக் கட்டியது இல்லை, ஏற்கெனவே சரக்கு ஏற்றி ஓடிக்கொண்டிருந்த பழைய கப்பல். 1846 டிசம்பர் 6-ஆம் தேதி ஹாங்காங்கில் பாய் விரித்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி, நியூயார்க், பாஸ்டன் போய், 1848 மார்ச் கடைசியில் லண்டனுக்குக் கீழே தேம்ஸ் நதியில் இருக்கும் கிரேவ்சென்டை அடைந்தது. மொத்தம் 477 நாள்.

சீன அரசு அனுப்பியதா?

இல்லவே இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இணையத்தில் பாதிப் பேர் இதைச் சீனாவின் சாதனையாக எழுதுகிறார்கள். ஹாங்காங்கில் இருந்த சில ஆங்கிலேய வியாபாரிகள் கூட்டாகப் பணம் போட்டு, 1846 ஆகஸ்டில் ரகசியமாக வாங்கிய கப்பல் இது. ரகசியம் ஏன்? சீனக் கப்பலை அந்நியருக்கு விற்பது அன்றைய சீனச் சட்டப்படி குற்றம். பிரிட்டனும் சீனாவும் மோதிய முதல் அபினிப் போர் முடிந்து நாலே வருடம், ஹாங்காங் அப்போதுதான் பிரிட்டன் கைக்கு வந்திருந்தது, சீனப் பொருள் எதைக் காட்டினாலும் மேற்கில் கூட்டம் கூடிய காலம். ஒரு முழுக் கப்பலையே ஆட்களோடு கொண்டுபோய் நிறுத்தி டிக்கெட் போட்டால் என்ன என்று யோசித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் திட்டம்.

மாலுமித் தலைவர் சார்லஸ் ஆல்ஃபிரட் கெல்லட், ஆங்கிலேயர். அவருக்குக் கீழே ஆங்கிலேயர்கள் 12 பேர், சீன மாலுமிகள் 30 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. புறப்படும் முன் ஹாங்காங் ஆளுநர் சர் ஜான் டேவிஸ் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆக, சீன அரசுக்குத்தான் ரகசியம், ஹாங்காங்கில் ஊரறிந்த விஷயம்!

‘கீயிங்’ யாருடைய பெயர்?

1842-இல் அந்தப் போரை முடித்த நான்கிங் ஒப்பந்தத்தில் பிரிட்டனோடு கையெழுத்திட்ட அதிகாரி, அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தவர். அரச வம்சத்தவர். சீனச் சட்டத்தை ஏமாற்றி வாங்கிய கப்பலுக்குச் சீனாவின் உயர் அதிகாரி பெயரையே வைத்தார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சல் சாமானியமானதில்லை. அந்த மனிதரின் முடிவு பரிதாபமானது. 1858-இல் தியான்ஜினில் மறுபடி ஆங்கிலேயரோடு பேசப் போனார். அவர்களோ, ஆங்கிலேயரை மட்டம் தட்டி அவர் பேரரசருக்கு எழுதியிருந்த பழைய அறிக்கையைக் கண்டெடுத்து அவர் முன்னாலேயே நீட்டினார்கள். அவமானம் தாங்காமல், உத்தரவில்லாமல் கிளம்பிவிட்டார். தற்கொலை செய்துகொள்ளும்படி பேரரசர் ஆணையிட்டார்.

எவ்வளவு பெரிய கப்பல்?

லண்டனில் நினைவுப் பதக்கம் வார்த்து விற்றார்கள், அதன் பின்பக்கம் முழுக்க அளவுகள்தான்: நீளம் 160 அடி, அகலம் 33 அடி, நடுப் பாய்மரம் 85 அடி, அதன் பாய் மட்டும் 9 டன், சுக்கான் ஏழரை டன், கொள்ளளவு சீன அளவையில் 800 டன். இதை அப்படியே நம்ப வேண்டாம். டிக்கெட் விற்கிறவர் சொன்ன அளவு இது. பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்த கடல்சார் ஆய்வாளர்கள் கப்பல் இதைவிடச் சின்னதாகத்தான் இருந்திருக்கும் என்கிறார்கள். அந்தக் கால அச்சுப் படங்களிலும் முன்பக்கமும் பின்பக்கமும் வானத்தைத் தொடுவது போல வளைந்திருக்கும். வரைந்தவர்களும் தங்கள் பங்குக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

பார்க்க எப்படி இருந்தது?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கப்பலில் விற்ற விவரப் புத்தகமும் அன்றைய பத்திரிகைகளும் நிறையச் சொல்லி வைத்திருக்கின்றன. முகப்பில் இரண்டு பக்கமும் உருட்டி விழிக்கும் பெரிய கண்கள் வரைந்திருக்கும். கண் இல்லாவிட்டால் கப்பல் எப்படி வழி பார்க்கும் என்பது மாலுமிகளின் கேள்வி. பின்பக்கச் சுவரில் இறக்கை விரித்த பெரிய பறவை. உள்ளே மேல்தளத்தில் அலங்காரக் கூடம், அதில் பதினெட்டுக் கைகளோடு ஒரு தேவி சிலை, முன்னால் ஊதுவத்தி.

சுக்கான், நங்கூரக் கயிறு, பாய்மரம் என்று கப்பலின் முக்கியமான இடத்திலெல்லாம் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருக்கும், ஆபத்து வராமல் காக்க. திசைகாட்டிக்குத் தனி மரியாதை. சேகண்டி அடிப்பது, காகிதம் கொளுத்திக் கடலில் போடுவது எல்லாம் உண்டு. ஆங்கிலேயர்கள் இதையெல்லாம் ‘மூடநம்பிக்கை’ என்று எழுதி வைத்துச் சிரித்தார்கள். படகுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிக் கடலில் இறக்குகிற ஊர்க்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இந்த மாதிரிக் கப்பல் பெருங்கடலைத் தாங்குமா?

தாங்கியது, அதுவும் நன்றாகவே. அன்றைய ஐரோப்பிய மாலுமிகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஜங்க் என்றால் கரையோரம் ஊர்கிற பொம்மை என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

பாயைப் பார்ப்போம். துணி கிடையாது, கோரையில் பின்னிய பாயேதான், குறுக்கே மூங்கில் கழிகள் வைத்து வரிவரியாகக் கட்டியிருப்பார்கள். காற்று அதிகமானால் கயிற்றைத் தளர்த்தினால் போதும், பாய் மடிப்பு மடிப்பாகக் கீழே இறங்கும். ஐரோப்பியக் கப்பல் மாதிரிப் புயல் நேரத்தில் ஆள் மேலே ஏறிக் குறுக்குக் கட்டையில் தொங்கிக்கொண்டு பாயைச் சுருட்ட வேண்டியதில்லை. இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் பிராணனை வாங்கும். நடுப் பாயை ஏற்ற மொத்த ஆட்களும் சேர்ந்து இழுத்தாலும் இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

அடுத்தது சுக்கான். ஐரோப்பியக் கப்பலில் போல இரும்புக் கீல் போட்டுப் பூட்டியது இல்லை, கயிறுகளில் தொங்கவிட்டது. ஆழமான கடலில் கீழே இறக்கிவிடலாம், அப்போது அது கப்பல் பக்கவாட்டில் நழுவாமலும் பிடித்துக்கொள்ளும். கரை நெருங்கினால் உருளை சுற்றி மேலே தூக்கிவிடலாம். சுக்கான் பலகையில் சாய்சதுர வடிவில் ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் ஊடே போய்வருவதால் திருப்பும்போது கனம் குறையும். அப்படியும் கடல் கொந்தளித்தால் அதைப் பிடிக்க 15 பேர் வரை தேவைப்பட்டதாகச் சொல்கிறார்கள். நங்கூரம் கூட மரம்தான். தண்ணீர் புகாமல் பலகை இடுக்குகளை அடைக்க, தார் கிடையாது, சுண்ணாம்பையும் எண்ணெயையும் மூங்கில் சீவலையும் குழைத்த சாந்து. கீழ்த்தளம் தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிந்திருந்தது, ஓர் அறையில் தண்ணீர் ஏறினாலும் முழுக் கப்பலும் மூழ்கிவிடாது.

எந்த வழியாகப் போனது?

ஹாங்காங்கிலிருந்து தெற்கே தென்சீனக் கடல், சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே சுந்தா நீரிணை, அங்கிருந்து இந்தியப் பெருங்கடலின் குறுக்கே. மொரீஷியஸ் பக்கம் 1847 மார்ச்சில் புயலில் மாட்டித் தப்பியது. அந்த மாதக் கடைசியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏப்ரல் நடுவில், நெப்போலியன் சிறையிருந்த செயின்ட் ஹெலினா தீவில் நின்றது. அங்கிருந்து நேராக லண்டன் என்பதுதான் ஏற்பாடு.

அப்புறம் ஏன் நியூயார்க் போனது?

காற்று ஒத்துழைக்கவில்லை. அட்லாண்டிக்கில் வடக்கே ஏற ஏற எதிர்க்காற்று. அடிப்பலகையில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறைந்தது. உணவும் தண்ணீரும் சுருங்கின. சீன மாலுமிகள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே போகலாம் என்று கெல்லட் அமெரிக்காவுக்குத் திருப்பினார். 1847 ஜூலையில் நியூயார்க் துறைமுகத்தில், பேட்டரி பூங்காவுக்கு எதிரே நங்கூரம் போட்டார்கள்.

வியாபார ரீதியில் அது அதிர்ஷ்டம்தான். ஆளுக்கு 25 சென்ட் கட்டணம், நாளுக்கு நாலாயிரம் பேர் வந்ததாகக் கணக்கு. சீனரை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவாக இருந்த நகரம் அது. கப்பலைப் பார்க்க வந்தவர்கள் கப்பலைவிட மாலுமிகளைத்தான் அதிகம் உற்றுப் பார்த்தார்கள்: பின்னல், சாப்பிடும் குச்சி, உட்காரும் விதம், எல்லாமே காட்சிப் பொருள்.

மாலுமிகள் வழக்குப் போட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையிலும் உருப்படியான அத்தியாயம் இதுதான், ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வரியோடு தாண்டிவிடுகிறார்கள்.

சீன மாலுமிகள் கையெழுத்திட்டது எட்டு மாத ஒப்பந்தத்துக்கு. அவர்களிடம் சொன்ன ஊர்கள் படாவியாவும் (இன்றைய ஜகார்த்தா) சிங்கப்பூரும், அதாவது வழக்கமாகப் போய்வருகிற தென்கடல் துறைமுகங்கள். சுந்தா நீரிணையைத் தாண்டிக் கரையே தெரியாத கடலில் போய்க்கொண்டே இருந்தபோதுதான் விஷயம் புரிந்திருக்கிறது. நடுக்கடலில் என்ன செய்வது? கப்பலில் தகராறும் அடிதடியும் நடந்திருக்கின்றன. நியூயார்க் வந்து சேர்ந்ததும், ஒப்பந்தக் காலம் முடியப் போகிறது, சம்பளத்தைக் கொடு, ஊருக்கு அனுப்பு என்று கேட்டார்கள். கெல்லட் இழுத்தடித்தார். கைகலப்பு ஆனது, மாலுமிகளில் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

அங்கே உள்ளூர்க்காரர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள், மொழிபெயர்க்க ஆள் கிடைத்தது, வழக்கறிஞர் கிடைத்தார். சம்பளப் பாக்கிக்காகக் கப்பல் மீதே வழக்கு. கப்பல் சம்பந்தப்பட்ட சட்டத்தில் இது ஒரு நல்ல விஷயம்: மாலுமியின் கூலிக்குக் கப்பலே ஈடு, முதலாளி எங்கே இருக்கிறார் என்று தேடிப் போக வேண்டியதில்லை. நீதிமன்றம் மாலுமிகள் பக்கம் நின்றது. 1847 அக்டோபரில் 26 பேர் ‘கேண்டஸ்’ என்ற கப்பலில் காண்டனுக்கு (இன்றைய குவாங்சோ) திரும்பினார்கள்.

அந்த வருடத்தில், ஆங்கிலம் தெரியாத ஆசிய மாலுமிகள் ஓர் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆங்கிலேய கேப்டனை ஜெயித்தார்கள் என்பது சாதாரண சமாச்சாரமா? பதக்கத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

பாதிக்கு மேல் ஆட்கள் போனபின் கப்பலை எப்படி ஓட்டினார்கள்?

மீதமிருந்த சீனர்களையும் புதிதாகச் சேர்த்த ஆட்களையும் வைத்து. 1847 நவம்பரில் பாஸ்டன் போனார்கள். அங்கேயும் நல்ல கூட்டம், அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாளில் (தேங்க்ஸ்கிவிங்) மட்டும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1848 பிப்ரவரி 17-ஆம் தேதி அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள், அதாவது வட அட்லாண்டிக்கின் மோசமான பருவத்தில். மாதக் கடைசியில் புயல் அடித்தது. படகுகள் போயின, பாய் கிழிந்தது, சுக்கான் பழுதானது. அதைச் சரிசெய்ய இறங்கிய இரண்டாவது துணை மாலுமி கடலில் மூழ்கி இறந்தார். அப்படி இருந்தும் 21 நாளில் ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவை எட்டிப்பிடித்தார்கள்.

21 நாள் என்பது வேகமா, மெதுவா?

நல்ல வேகம். அந்தக் காலத்தில் அதே கடலில் ஓடிய அமெரிக்கத் தபால் கப்பல்களோடு தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் ஹாங்காங்–நியூயார்க் பகுதியைப் பார்த்தால் ஏழு மாதம். அதே தடத்தில் 1849-இல் ‘சீ விட்ச்’ என்ற அமெரிக்கக் கிளிப்பர் (வேகத்துக்கென்றே கட்டிய பாய்மரக்) கப்பல் 74 நாளில் ஓடி முடித்தது. பாய்மரக் கப்பல்களில் அந்தச் சாதனையை 2003 வரை யாரும் முறியடிக்கவில்லை. ‘ஜங்க் வேகமான கப்பல்’ என்று வாதிடுபவர்கள் 21 நாளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், ‘ஜங்க் ஆமை’ என்பவர்கள் ஏழு மாதத்தை மட்டும். பின்பக்கமிருந்து பலமான காற்று கிடைத்தால் பறக்கும், எதிர்க்காற்றில் திணறும், இதுதான் நிஜம்.

லண்டனில் வரவேற்பு எப்படி?

அமோகம். தேம்ஸ் நதியில் பிளாக்வால் பக்கம் கட்டி வைத்து, ஒரு ஷில்லிங் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு வந்தார், வெல்லிங்டன் பிரபு வந்தார். சார்லஸ் டிக்கன்ஸும் போய்ப் பார்த்துவிட்டுச் சீன நாகரிகத்தையே சேர்த்துக் கேலி செய்து பத்திரிகையில் எழுதினார். பெருங்கடல்களைத் தாண்டி எதிரே வந்து நிற்கிற கப்பலைப் பார்த்து, ‘இது எப்படி மிதக்கிறது’ என்கிற தொனியில் எழுத ஒரு தனி மனசு வேண்டும்.

ஹீ சிங் என்பவர் யார்?

கப்பலோடு வந்த ‘மாண்டரின்’, அதாவது சீன உயர் அதிகாரி என்று விளம்பரம் செய்யப்பட்டவர். பட்டு உடுப்பு, தொப்பி, மிடுக்கு எல்லாம் சரியாக இருந்தன. உண்மையில் பெரிய பதவியில் இருக்கும் அதிகாரி ஒருவர், சட்டவிரோதமாக விற்ற கப்பலில் ஏறிக் கண்காட்சிக்கு வந்து நிற்பாரா என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

1851 மே 1. லண்டனில் மாபெரும் உலகப் பொருட்காட்சி தொடக்க விழா. கண்ணாடி மாளிகை நிரம்பி வழிகிறது. சீன அரசு இதில் அதிகாரபூர்வமாகக் கலந்துகொள்ளவே இல்லை, சீனப் பகுதியில் வைத்த பொருட்களும் பிரிட்டிஷ் வியாபாரிகள் சேர்த்தவைதான். அந்த நேரத்தில் பட்டுடுப்பில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகாராணியின் முன்னால் வந்து நெடுஞ்சாண்கிடையாக வணங்குகிறார். இவரை எங்கே நிறுத்துவது என்று அதிகாரிகளுக்குக் குழப்பம், சீனத் தூதராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, கேன்டர்பரி பேராயர் மாதிரியான பெரிய மனிதர்களோடு ஊர்வலத்தில் சேர்த்துவிட்டார்கள். ஹீ சிங்கும் துளி பதற்றம் இல்லாமல் நடந்து போனார்.

இதோடு விட்டால் வதந்தி என்று ஒதுக்கிவிடலாம். விழாவை ஓவியமாக வரைந்த ஹென்றி செலூஸ், பிரமுகர்கள் வரிசையில் அவரையும் முன்னணியிலேயே வரைந்து வைத்துவிட்டார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில், தூதர்களுக்கு நடுவே நீல உடுப்பில் ஒய்யாரமாக நிற்பவர் இவர்தான். ஓசி விளம்பரம் என்றால் இதுவல்லவோ!

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய முதல் சீனக் கப்பல் இதுதானா? செங் ஹ போகவில்லையா?

பதிவுகளில் உள்ளவரை முதல் சீனக் கப்பல் கீயிங்தான். பழங்காலத்தில் சீனர்களுக்கு ‘மேற்குக் கடல்’ என்றால் இந்தியப் பெருங்கடல். கொல்லத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் அவர்கள் கப்பல்கள் வந்துபோனது தெரிந்த கதை. செங் ஹ 1405-க்கும் 1433-க்கும் இடையில் ஏழு பயணங்களில் இலங்கை, கோழிக்கோடு, ஹோர்முஸ், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை கப்பற்படையை நடத்தினார். இலங்கையின் காலி நகரில் கண்டெடுத்து இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவர் வைத்ததுதான். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில், தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனார் என்ற இலங்கைக் கோயில் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளின் பட்டியலோடு இருக்கிறது. செங் ஹவின் ஆட்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி அமெரிக்காவே போய்விட்டார்கள் என்று சொல்லும் கதைகளுக்கு வரலாற்றாய்வாளர்கள் ஏற்கும் சான்று கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்தாலும் கிடையாது.

கப்பல் கடைசியில் என்ன ஆனது?

மோகம் தீர்ந்தது. பொருட்காட்சிக் கூட்டத்தை நம்பி லண்டனுக்கு நடுவே டெம்பிள் என்ற இடத்துக்குப் பக்கம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள், சீன இசை, கத்திச் சண்டை எல்லாம் சேர்த்தும் பார்த்தார்கள். 1853-இல் இழுவைக் கப்பல் கட்டி லிவர்பூல் பக்கம் மெர்சி நதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சீந்துவார் இல்லை. 1855 வாக்கில் பிரித்து மரத்தை விற்றுவிட்டார்கள். திரும்பிச் சீனா போகவே இல்லை.

இப்போது எதையாவது பார்க்க முடியுமா?

பதக்கங்களும் அச்சுப் படங்களும் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நியூயார்க் துறைமுகத்தை சாமுவேல் வா வரைந்த பெரிய ஓவியத்திலும் ஒரு பக்கமாகக் கீயிங் நிற்கும்.

இதற்குப் பிறகு வேறு ஜங்க் போயிருக்கிறதா?

சில போயின, பெரும்பாலும் பசிபிக் வழியாக. 1922-இல் ‘அமோய்’ என்ற கப்பலை ஓர் ஐரோப்பியக் கேப்டன் தன் சீன மனைவி, மகனோடு கனடா வரை ஓட்டிவந்தார். 1939-இல் ஹாங்காங்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ கிளம்பிய ‘சீ டிராகன்’ ஆட்களோடு காணாமல் போனது. 2009-இல் ‘பிரின்சஸ் தைப்பிங்’ அமெரிக்கா போய்த் திரும்பி, தைவானை நெருங்கும் நேரத்தில் சரக்குக் கப்பல் மோதி இரண்டாக உடைந்தது. 11 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது 1955-இல் போன ‘ஃப்ரீ சைனா’. தைவானில் மீன்வளத் துறையில் வேலை பார்த்த ஐந்து இளைஞர்கள், ஓர் அட்லாண்டிக் படகுப் போட்டியில் கலந்துகொள்ளப் பழைய ஜங்க் ஒன்றை வாங்கி, கூடவே அமெரிக்கத் துணைத் தூதர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, தைவானின் கீலுங் துறைமுகத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் போட்டியே முடிந்துவிட்டது. கப்பல் அங்கேயே பல பத்தாண்டுகள் கிடந்து நைந்து, 2012-இல் இன்னொரு கப்பலில் ஏற்றப்பட்டு தைவான் திரும்பியது.